வாலுவின் அறையில் ஒரு பழைய வீடு

“இது என் அறை. இங்க ஜன்னல். இங்க கதவு,” என்றாள் வாலு.

வெறும் மனையில் நான்கு குச்சிகளை நட்டு, சுற்றிக் கயிறு கட்டியிருந்தாள்.

“சுவரே வரல, அதுக்குள்ள கதவா?” என்று அப்பா சிரித்தார்.

அவளுக்கு வேண்டியதே ஒரு கதவுதான். வாடகை வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே அறை. அவள் படித்தால் தம்பி பாடுவான். அவள் அழுதால் நாலு பேரும் ஏன் என்று கேட்பார்கள்.

அந்த ஊரில் வீடு கட்டும் முன், மண்ணுக்கடியில் பழைய காலத்துப் பொருள் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். மறுநாள் தொல்லியல் துறை அக்கா ஒருவர் ஆட்களோடு வந்தார்.

பள்ளி விட்டு ஓடி வந்த வாலு அலறினாள். “ஐயோ, என் அறையைத் தோண்டிட்டீங்களே!”

“உன் கயிறா அது?” அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். “தோண்டுற இடத்துல நாங்களும் இப்படித்தான் கட்டுவோம். எங்க ஆளு நம்மளுதுன்னு நினைச்சுட்டாரு. ஆனா பாரேன், என்ன கிடைச்சிருக்குன்னு!”

குழிக்குள் ஒரு கல் சுவர்.

“அப்போ எங்க வீடு?” என்றார் அப்பா.

“இந்தச் சுவர் எதுவரைக்கும் போகுதுன்னு தெரியணும் சார். மனை முழுக்கத் தோண்டணும். மழைக்கு முன்னாடி முடியாது. அடுத்த வருஷம்தான்.”

வாலு மனையின் ஓரத்தில் இருந்த மேட்டில் போய் உட்கார்ந்தாள். தினமும் அங்கிருந்துதான் வராத வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று புல்லைத்தான் பார்க்க முடிந்தது.

சட்டென்று எழுந்தாள்.

“அக்கா! குழியிலேருந்து ஒரு கோடு போகுது பாருங்க. அங்க மட்டும் புல்லு எப்பவுமே சீக்கிரம் காஞ்சிடும். அடியில கல்லு இருக்குமோ?”

அக்கா மேட்டில் ஏறிப் பார்த்தார். “அட, ஆமா! கல்லு இருந்தா வேருக்குத் தண்ணி ஏது? குழிக்குள்ளயே தலையை விட்டுட்டிருந்தா இது எங்க தெரியும்!”

கோட்டின் மேல் மட்டும் தோண்டினார்கள். சில நாட்களில், மனையின் ஒரு மூலையில் சின்னஞ்சிறு வீடு ஒன்றின் சுவர்கள் தெரிந்தன.

“இதை விட்டுட்டு மிச்ச இடத்துல கட்டிக்கலாம் சார்,” என்றார் அக்கா.

அப்பா தயங்கினார். “உன் அறைதான் சின்னதாயிடும்மா.”

“கதவு இருக்குமாப்பா?”

“இருக்கும்.”

“அது போதும்.”

கல் சுவரின் நடுவே ஓர் இடைவெளி. அந்தக் காலத்து வாசல். வாலு அதன் முன்னால் செருப்பைக் கழற்றினாள்.

“உள்ள யாருமே இல்லையே, எதுக்கு?” என்றார் அக்கா.

“யாரோ ஆசை ஆசையாக் கட்டின வீடுக்கா,” என்றபடி வாலு மெதுவாக உள்ளே காலெடுத்து வைத்தாள்.