கூடுதலாக மூன்று நிமிடம்

அனுசியா பேசியது பதினோரு நிமிடம்தான். லேப்டாப்பில் பதிவான வீடியோ பதினான்கு நிமிடம் என்று காட்டியது.

பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி நேரமாகியிருந்தது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் இறங்கிவந்து கணினி அறையின் ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் பூஞ்சை வாடை மூக்கில் ஏற, வராந்தாவில் யாரோ பூட்டாமல் விட்ட கதவு ஒன்று காற்றுக்குத் தட்டித் தட்டி அடங்கியது. நிறுத்த மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தியது அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது.

இந்த வேலையைத் தொடங்கியவள் சத்யபிரியா. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த சின்னப் பெண். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கணக்கைப் போட்டுக்கொண்டே பேசி, அதை அப்படியே பதிவுசெய்து பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். முகம் தெரியாது. குரலும் எழுத்தும் மட்டும். புளியறையிலிருந்து பஸ் ஏறி வருகிற பிள்ளைகள்கூட அம்மா போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார்கள். பத்தொன்பது வருஷமாகப் பிளஸ் டூ கணக்கு எடுக்கிற அனுசியா கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினால், "சத்யா டீச்சர் வீடியோல இதே கணக்கு ஈசியா இருந்துச்சு டீச்சர்" என்பார்கள். அந்த 'ஈசியா' அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நிற்கும். வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்யாவின் எண்பத்திரண்டு வீடியோவையும் பார்த்திருக்கிறாள். ஒரு தப்பாவது அகப்படாதா என்று. அகப்படவில்லை.

போன மாதம் இலஞ்சித் திருப்பத்தில் சத்யாவின் ஸ்கூட்டி வழுக்கியது. தலையில் அடி. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் அழுதார்கள். அனுசியாவும் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக ஹெச்.எம். அறைக்குப் போய், "மீதிப் பாடத்தையெல்லாம் நான் ரெக்கார்ட் பண்ணுதேன் சார்" என்றவளும் அவள்தான்.

இப்போது வீடியோவைப் பதினோராவது நிமிடத்துக்கு நகர்த்தினாள். அவள் போட்ட தொகையிடல் கணக்கு திரையில் நின்றது. மழைச் சத்தம். பிறகு, காதுக்கு மிகப் பக்கத்தில், யாரோ எச்சில் விழுங்கும் சத்தம்.

திரையில் டிஜிட்டல் பேனாவின் புள்ளி தானாக அசைந்தது.

அவள் எழுத மறந்திருந்த மாறிலி '+ c' விடையின் கடைசியில் வந்து உட்கார்ந்தது. உருண்டையான, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த எழுத்து. அவள் தாண்டிப்போன படி ஒன்று நடுவில் நிதானமாக எழுதப்பட்டது. அந்த எழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பயத்துக்கு முன்னால் வேறொன்று நெஞ்சில் எரிந்தது. அந்தப் படியைப் போட்டதும் கணக்கு எவ்வளவு தெளிவாகிவிட்டது!

கடைசி மூன்று நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டுக் குழுவில் போட்டாள்.

மறுநாள் காலை முதல் பெஞ்சிலிருந்து ஜுஹைனா எழுந்தாள். "டீச்சர், வீடியோ சூப்பர். அந்தக் கடைசி மூணு நிமிசத்துலதான் டீச்சர் எனக்குப் புரிஞ்சுது."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு படிகூட விடாமல், வீட்டில் நான்கு தடவை போட்டுப் பார்த்த கணக்கை, இருபது நிமிடம் பதிவு செய்தாள். வீடியோ முப்பத்தொரு நிமிடம் இருந்தது. இருபதாவது நிமிடத்தில் அவள் எழுதியது முழுக்க அழிக்கப்பட்டது. வெள்ளைப் பக்கம். உருண்டை எழுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. பேச்சில்லை. மூச்சு மட்டும், இழுத்து, நிறுத்தி, விட்டு.

வெட்டினாள். அனுப்பினாள். பிள்ளைகள் வெட்டாததைப் பார்த்தார்கள்.

"பேசாம எழுதிக் காட்டுதீங்கல்லா, அந்தப் பாகம்தான் டீச்சர் நல்லாருக்கு."

படுத்துக் கிடந்தும் விடமாட்டாளா?

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் சத்யாவின் கணவன் பேச்சிராஜ் தாடி வளர்த்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"இருபது நாளா கண்ணே தொறக்கல டீச்சர். வலது கை மட்டும் அப்பப்போ அசையுது. சும்மா நரம்பு இழுக்கதுதான்னு டாக்டர் சொல்லுதாவ. செத்த நேரம் இருக்கீங்களா? மருந்து வாங்கிட்டு ஓடி வந்துருதேன்."

அவன் செருப்புச் சத்தம் தேய்ந்தது. டெட்டால் வாடை. ஏதோ ஒரு மிஷினின் விட்டு விட்டு ஒலிக்கும் சத்தம். சத்யாவின் முகம் மெழுகு மாதிரி அசைவற்று இருந்தது. கை அப்படி இல்லை. ஆள்காட்டி விரல் விரிப்பின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அனுசியா குனிந்தாள். விரல் போன தடத்தில் துணி லேசாகச் சுருங்கியது. படித்தாள்.

திங்கட்கிழமைப் பாடம். அவள் இன்னும் யாருக்கும் எடுக்காத கணக்கு. ஏழு படியில் அவள் யோசித்து வைத்திருந்ததை, அந்த விரல் நாலு படியில் முடித்தது.

"போதும்டி," என்றாள் அனுசியா.

இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து மெத்தையோடு அழுத்தினாள். உள்ளங்கைக்குள் விரல்கள் கரையில் விழுந்த அயிரைமீனாகத் துள்ளின. முழு எடையையும் இறக்கினாள். துள்ளல் மெலிந்தது. நின்றது. சூடான எதுவோ அவள் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஏறிய மாதிரி இருந்தது.

திரும்பி வந்த பேச்சிராஜ் கட்டிலைப் பார்த்தான். "இன்னிக்குக் கை அசையலியா டீச்சர்?"

"இல்லியே. நான் வந்ததுலேருந்து அசையல."

அன்று சாயங்காலம் வீட்டில் பதினைந்து நிமிடம் பேசிப் பதிவு செய்தாள். வீடியோ பதினைந்து நிமிடம் இருந்தது. கடைசி வரைக்கும் பார்த்தாள். அவள் குரல். அவள் எழுத்து. பல நாளைக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட். வெளியே நல்ல வெயில். நாற்பத்தோரு பிள்ளைகள். அனுசியா புது சாக்பீஸை எடுத்துப் பலகையில் முதல் வரியை எழுதினாள்.

உருண்டை எழுத்து. இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

நிறுத்தப் பார்த்தாள். கை நிற்கவில்லை. இரண்டாவது படி. மூன்றாவது. நாலாவதில் கணக்கு முடிந்தது. கை அடுத்த கணக்குக்குப் போனது.

"ஐ, எவ்ளோ ஈசியா இருக்கு!" பின்னாலிருந்து சங்கரேஸ்வரியின் குரல்.

வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். தொங்கினாள். வலது கை அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பலகையின் கோடிக்குப் போனது. சாக்பீஸ் தேய்ந்தது. தேய்ந்து இல்லாமல் போனது. நகம் பலகையில் கீறியது.

கிர்ர்ர்.

நகம் மடங்கியது. பிறகு விரல். கறுப்பின்மேல் சிவப்பாக, அதே உருண்டை எழுத்து. வரி பிசகாமல். ஒவ்வொரு விடையின் கடைசியிலும் '+ c'.

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. திருப்பினாள்.

ஒரு பிள்ளைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்பத்தோரு தலைகளும் ஒன்றாகப் பலகைக்கு நிமிர்ந்தன. ஒன்றாக நோட்டுக்குக் குனிந்தன. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், சிவப்பு மையில்.