இடது முன்னங்கால்

பரிசோதனைக் கொட்டகையின் இரும்புத் தாழ்ப்பாள் வெதுவெதுப்பாக இருந்தது.

விடிந்ததிலிருந்து மழை நின்றபாடில்லை. தகரக் கூரையிலிருந்து இறங்கிய குளிர் சுவர், தரை, வைக்கோல் என்று எல்லாவற்றிலும் ஊறிப்போயிருந்தது; குதிரை டாக்டர் வாயைத் திறந்தால் மூச்சு புகையாக வந்தது. இப்படிப்பட்ட காலையில், இரவெல்லாம் சாத்திக் கிடந்த ஒரு கொட்டகையின் தாழ்ப்பாள் சூடாக இருப்பதற்கு அவளுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை. வெயிலின் சூடு அல்ல. அடுப்பின் சூடும் அல்ல. தோலுக்கு அடியிலிருந்து வருகிற சூடு. கையை வெடுக்கென்று எடுத்து, உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். பிறகு முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஈர வைக்கோலும் சேணத்துக்குப் போடும் எண்ணெயும் சாணமும் கலந்த பழகிய வாசனை. மதிலுக்கு அப்பாலிருந்து, ரேஸை நிறுத்தச் சொல்லும் கோஷம் மழையோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

"காலங்காத்தாலயே வந்துட்டாங்க டாக்டரம்மா," என்றபடி பின்னாலேயே உள்ளே வந்தார் லாயக்காரர். முப்பது வருடமாகக் குதிரை தேய்க்கிறவர்; போன வாரம் செத்துப்போன செவலை அவர் பொறுப்பில் இருந்த குதிரை. "உங்க தங்கச்சியும் இருக்காங்க. மஞ்ச மழைக்கோட்டு. என்னப் பாத்துக் கொலகாரான்னு கத்தினாங்க, அப்புறம் அடையாளம் தெரிஞ்சு, சாரிண்ணேன்னாங்க."

"அவ சொன்னதுக்குக் கோச்சுக்காதீங்க."

"எதுக்குக் கோச்சுக்கறேன்? வீட்ல தினமும் கேக்கறதுதான்." அவர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "ஆனா ஒண்ணு. நாளைக்கே ரேஸ நிறுத்திட்டா, இந்த எறநூறு குதிரையையும் இவங்க வீட்டு வாசல்லயா கட்டிப்போடுவாங்க? நேரா வெட்டுக்குத்தான் போவும். அத ஒருத்தரும் அட்டையில எழுத மாட்டேங்கறாங்க."

அவளும் தங்கையிடம் இதைச் சொல்லியும், குதிரை ஓடத்தான் பிறந்தது என்று சொல்லியும் பார்த்திருக்கிறாள். "ஓடத்தான் பொறந்துச்சுன்னா சாட்டை எதுக்குக்கா?" என்று தங்கை ஒரே வரியில் வாயை அடைத்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே அடுப்படி. ஒருத்தி குதிரைகளை ஓட அனுமதிக்கிறவள், இன்னொருத்தி ஓடக்கூடாது என்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று அம்மா போனபிறகு இருவரும் வைத்துக்கொண்ட ஒப்பந்தம், போன ஞாயிற்றுக்கிழமை வரை நிலைத்தது.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு குதிரையையும் டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் விடவேண்டும். முழங்காலுக்குக் கீழே விரல்களை மெல்ல இறக்கினால், தசைநாரில் பழுது தொடங்கியிருந்தால் அங்கே சூடு தெரியும். கருவிகள் எத்தனையோ வந்துவிட்டாலும் அவள் நம்புவது தன் கையைத்தான். அன்று செவலையின் இடது முன்னங்காலைத் தொட்டபோது சூடு தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அப்போதுதான் குழாயடியில் கை கழுவிவிட்டு வந்திருந்தாள். பனிக்கட்டியாக விறைத்திருந்த கைக்கு எந்தக் கால்தான் சூடாக இருக்காது? அப்படித்தான் நினைத்தாள். கையைச் சூடாக்கிக்கொண்டு இன்னொரு முறை தொட்டிருக்க வேண்டும். பின்னால் ஆறு குதிரைகள் நின்றன. "போகட்டும்," என்றாள்.

கடைசி வளைவில் அந்தக் கால் முறிந்தது. கூட்டம் பார்க்காமலிருக்க நாலு பேர் பச்சைத் திரை பிடித்தார்கள். திரைக்குள்ளே அவளும் செவலையும் மட்டும். செவலை ஒரு சத்தமும் போடவில்லை. குதிரைகள் வலியில் கத்துவதில்லை. கழுத்தைத் தடவி, அங்கேயே உயிரை முடிக்கும் ஊசியை ஏற்றினாள்.

ஞாயிறு மதியம் தட்டுக்கு முன்னால் தங்கை கேட்டாள்: "போராட்டக்காரியா கேக்கல, உன் தங்கச்சியா கேக்கறேன். அந்தக் கால் சூடா இருந்துச்சாக்கா?"

"இல்ல."

"சத்தியமா?"

"இல்லடி. சாப்பிடு."

தங்கை தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டாள். அவ்வளவுதான்.

ரேஸ் கிளப்பின் செயலாளர் குடையை உதறிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். கையில் ஒரே ஒரு தாள். ஓட்டத்துக்கு முன் குதிரையிடம் எந்தக் குறையும் காணப்படவில்லை என்று மூன்று வரி.

"கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க டாக்டர். கேட்ல டிவிக்காரங்க நிக்கறாங்க."

"விசாரணை முடியலியே சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? உங்க தங்கச்சியே மைக்ல சொல்லிட்டாங்க. 'எங்கக்கா தொட்டுப் பாத்தா அது தப்பாவே போகாது, ரேஸ்தான் தப்பு, எங்கக்கா இல்ல'ன்னு. எதிர்க்கட்சியே சாட்சி சொல்லுது, இன்னும் என்ன வேணும்?"

அவள் தாளைப் பார்த்தாள். நடந்ததை எழுதிவிட்டால் வேலை போகும், டாக்டர் பதிவு போகும், அதுகூடப் பரவாயில்லை. மழையில் நின்று அத்தனை பேர் முன்னால் அக்காவுக்காகப் பேசியவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பேனாவை வாங்கினாள். பேனா சூடாக இருந்தது. செயலாளரின் சட்டைப்பையில் இருந்த சூடாக இருக்கும். கையெழுத்துப் போட்டாள்.

கோஷம் நின்றது.

மெல்லக் குறைந்து ஓயவில்லை; ஒரு சொல்லின் பாதியில், கழுத்தைப் பிடித்ததுபோல் நின்றது. தகரத்தின்மேல் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"தொண்ட கட்டிருச்சு போல," என்றார் செயலாளர். தாளை மடித்துக்கொண்டு போனார்.

என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்க லாயக்காரரும் அவர் பின்னாலேயே போனார்.

இன்றைய ஓட்டத்துக்கான முதல் குதிரையை லாயப் பையன் பிடித்து வந்தான். கறுப்பு. இந்த முறை அவள் கைகளை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டுதான் குனிந்தாள். விரல்களை முழங்காலுக்குக் கீழே இறக்கினாள். சூடு. இடது முன்னங்கால். வெப்பமானியை வைத்துப் பார்த்தாள்; குறை ஒன்றுமில்லை என்றது. மறுபடி தொட்டாள். சூடு அப்படியே இருந்தது. அதற்குள் சன்னமாக ஒரு துடிப்பும் இருந்தது. குதிரையை ஓரமாக நிறுத்தப் பையனிடம் சொன்னாள். இரண்டாவது வந்தது. அதே கால். அதே சூடு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது குதிரைக்குக் குனிந்தபோது நிலை தடுமாறி மேசைக்காலைப் பிடித்தாள். மரக்கால். அதுவும் சுட்டது. அதுவும் துடித்தது. குதிரைகள் ஐந்தும் தலையைத் திருப்பி, மதில் இருந்த பக்கம் காதுகளை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தன.

அங்கே கேட்பதற்கு எதுவுமே இல்லை.

லாயக்காரர் திரும்பி வந்தார். போகும்போது இருந்த தொப்பி இல்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ரோட்ல படுத்திருக்காங்க டாக்டரம்மா. போன வருஷம் செத்த குதிர முப்பத்தொண்ணாம். முப்பத்தொரு பேரு, முதுகுல ஆளுக்கொரு நம்பர ஒட்டிக்கிட்டு, செத்த மாதிரி."

"நடிக்கறாங்க. முன்னாடியும் பண்ணியிருக்காங்களே."

"நடிப்புன்னுதான் நானும் நெனச்சேன். காவக்காரத் தம்பி ஒருத்தரத் தூக்கப் போச்சு. தொட்டதும் கைய விட்டுட்டு ஓடி வந்துருச்சு. ஏன்டான்னா பேச மாட்டேங்குது." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "நீங்க கொஞ்சம் வாங்க."

"நான் மனுஷங்களுக்கு டாக்டர் இல்லியே."

"அதனாலதாம்மா கூப்பிடறேன்."

பையை எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று தெரியாது. வேலை நேரத்தில் வெளியே போனால் பை கூடவே வரும். முற்றத்தைக் கடக்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சூடு இருந்துச்சுடி. நான் பொய் சொன்னேன். வேற எதுவும் வேணாம், இந்த ரெண்டு வார்த்தை போதும். சொன்னால் எழுந்துவிடுவாள். எழுந்து திட்டுவாள். திட்டட்டும்.

கேட் திறந்திருந்தது. செயலாளரின் குடை காற்றில் உருண்டுகொண்டிருந்தது. டிவிக்காரர்கள் எதிர்ப்பக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். கேமரா தரையில் கிடந்தது.

நடுச்சாலையில் அவர்கள். எல்லோரும் வலப்பக்கமாகச் சாய்ந்து, ஒரே திசையில். மழை அவர்கள்மேல் விழுந்த இடங்களிலிருந்து ஆவி கிளம்பியது. நாசியால் மூச்சு விட்டார்கள். பெரிய, ஈரமான மூச்சு. லாயங்களுக்குள் மட்டுமே அவள் கேட்டிருந்த மூச்சு.

மஞ்சள் மழைக்கோட்டைக் கண்டாள். பக்கத்தில் மண்டியிட்டாள்.

"ஏய். எழுந்திரு. மழையில கெடக்காத."

தங்கையின் கண் திரும்பியது. ஓரத்தில் வெள்ளை தெரிந்தது.

"சூடு இருந்துச்சு. அன்னிக்கே தெரியும். நான் பொய் சொன்னேன். கேக்குதா? நான்தான் சொன்னேன், பொய்."

அவள் தங்கையின் இடது கணுக்காலைத் தொட்டாள். சூடு. விரல்கள் பழக்கத்தில் மேலே ஏறின. பாதி வழியில் நின்றன. அங்கே மூட்டு இருக்கக்கூடாது. அங்கே கால் மடங்கியிருந்தது. பக்கவாட்டில். அடுத்தவரைப் பார்த்தாள். இடது கால். அதற்கடுத்தவர். இடது கால். தலை நரைத்த ஒரு அம்மா. கண்ணாடி போட்ட ஒருவர். இடது. இடது. ரத்தம் இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

அப்போது தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள்.

அந்தக் காலை ஊன்றி.

முப்பத்தொரு பேரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். செருப்புகள் தாரில் தேய்ந்தன. விழுந்தார்கள். மறுபடி ஊன்றினார்கள். விழுந்தார்கள். மறுபடி. சத்தமே இல்லாமல். மறுபடி.

"யாராவது," என்றாள் அவள்.

பிறகு அடங்கினார்கள். பையின் வாய் திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை. திறந்த ஞாபகமே இல்லை. ஊசி கையில் இருந்தது.

அதைத் தங்கை பார்த்தாள். தலையை மெதுவாகத் தரையில் சாய்த்து, மழைக்கோட்டின் காலர் விலகக் கழுத்தை அக்காவின் பக்கம் நீட்டிக் கொடுத்தாள். அவளுக்கு அப்பால், ஒருவர்பின் ஒருவராக, சாலை முடிகிற வரைக்கும், எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.