மூன்றாம் மாடி இரும்புக் கதவு

நகரத்தில் ஆளில்லாமல் கிடந்த பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் நூற்பாலையின் முறை. நூறு வருடத்துச் செங்கல் கட்டடம். உள்ளே தீப்பிடித்த பிறகு முப்பது வருடமாகப் பூட்டியே கிடந்தது. இடிக்கும் முன் உள்ளே யாருமில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நகராட்சிப் பொறியாளர். மிச்சமிருந்த மின்கம்பிகளைக் கழற்ற வந்த எலக்ட்ரீஷியன் அவள் கணவர். பதினோரு வருடக் குடித்தனத்தில் இருவரும் ஒரே இடத்தில் வேலைக்கு வந்தது அன்றுதான்.

"வீட்லதான் மேற்பார்வைன்னா இங்கயுமா?" என்று சிரித்துக்கொண்டே அவர் மாடியேறினார்.

காலை பதினொரு மணி. கண்ணாடியில்லாத ஜன்னல்களில் நல்ல வெயில். இருந்தும் படிக்கட்டு மட்டும் இருண்டு, ஈரப் பஞ்சு நாற்றத்தோடு கிடந்தது. அவள் கீழ்த்தளத்தை அளந்து முடிக்கும்போது மேலே தட்டும் சத்தம் கேட்டது.

சுத்தியல் இல்லை. உள்ளங்கை.

ஏறிப் போனாள். மூன்றாம் மாடியில் துருவேறிய இரும்புக் கதவு. சத்தம் அதன் பின்னாலிருந்து.

"மேஸ்திரி..."

அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஆள்தான் உண்டு.

"கதவு மாட்டிக்கிச்சு. ஒரே புகையா இருக்கு. மூச்சு விட முடியல."

கைப்பிடியைப் பிடித்தாள். சுட்டது. இடுக்கில் புகை தெரியவில்லை. ஆனால் கருகல் வாடை தொண்டையை அடைத்தது. கிடைத்த கம்பியால் நெம்பினாள். தோளால் இடித்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கூப்பிட்டாள். உள்ளே இருமல் மெலிந்துகொண்டே போனது.

அவள் போன் அடித்தது. கணவரின் எண்.

"எங்க இருக்க? நான் வெளி ஏணியில இறங்கி வந்து அரைமணி நேரமாச்சு. உனக்கு வாங்கின டீ ஆறிப்போச்சு."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

கதவுக்குப் பின்னால் அதே குரல், மிக மெதுவாக.

"அது நான் இல்ல. என்னை விட்டுட்டுப் போயிடாத."

அவள் ஓடினாள்.

ஆட்கள் வந்து கதவை அறுத்துத் திறந்தார்கள். அறை முழுக்கத் தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. கதவின் உட்பக்கக் கரியில் மட்டும் உள்ளங்கைப் பதிவுகள். தொட்டால் ஈரம். கணவர் எட்டிப் பார்க்கவே இல்லை.

அன்று வீட்டில், பிறக்காமலே போன பிள்ளைக்கு என்ன பெயர் வைக்க நினைத்தோம் என்று அவரைக் கேட்டாள். அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த பெயர். தடுமாறாமல் சொன்னார். பிறகு அழுதார். அவளும் அழுதாள். மறுநாள், உள்ளே யாருமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கட்டடம் இரண்டே நாளில் தரைமட்டமானது.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடிப்புக் கான்ட்ராக்டர் போன் செய்தார். அந்த இரும்புக் கதவைப் பழைய இரும்புக் கடையில் தரையில் படுக்கப் போட்டிருக்கிறார்களாம். அடியிலிருந்து யாரோ தட்டுகிறார்களாம். மூன்று தடவை தூக்கிப் பார்த்தும் வெறும் மண்தான்.

"கீழேர்ந்து உங்களைத்தான் கேக்குறாங்க மேடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "ரொம்பக் கெஞ்சுறாங்க."

போனைக் காதோடு அழுத்தியபடி அவள் எழுந்தாள். அதில் பேசியது எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"போனை வெச்சிடு. கொஞ்ச நாள்ல அவனே ஓஞ்சிடுவான்."