துரு ஏறாத இரண்டு டிஸ்க்குகள்

ஞாயிறு, காலை 7.40.

தெருமுனை மரக்கடையின் மரத்தூள் குவியலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தலைகுப்புறக் கிடந்தது. பக்கத்திலேயே, உச்சி முதல் உள்ளங்கால் வரை தூள் அப்பியபடி, கணக்கு வாத்தியார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

"முன் பிரேக் புடிக்கல. புடிக்கவே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பின்சக்கரத்து பிரேக்கும் மரத்தூளும் இல்லையென்றால் சொல்வதற்கு ஆள் இருந்திருக்க மாட்டார்.

காலை 11.15.

சப்-இன்ஸ்பெக்டர் அம்மா வாத்தியாரின் வீட்டுக்குள் வந்தபோது புகார் தயாராக இருந்தது. இடது கையால் எழுதியதால் எழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் அந்நியன் இல்லை. வாத்தியாரின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, மெக்கானிக்.

"முன் பிரேக் டிஸ்க் ரெண்டும் விளிம்புல மேடு தட்டிக் கிடந்துச்சு மேடம்" என்றார் வாத்தியார். "லேத்துல குடுத்துச் சீவி, ஒன்றரை மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் நானும் இவனும் உக்காந்து சரிபண்ணினோம். கடைசியில மாட்டும்போது கோட்டை விட்டுட்டான்."

மெக்கானிக் கதவோரம் நின்றிருந்தான்.

"எப்ப மாட்டினீங்க?" என்று அவனிடம் கேட்டாள் எஸ்.ஐ. அம்மா.

"நேத்து சாயங்காலம் ஆறு மணி. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டு, தெருவை நாலு சுத்து சுத்தினேன். விரல் வெச்சா நின்னுச்சு."

"நாளைக்கு வேலைக்குப் போவீங்களா?"

"விஷயம் தெளியற வரைக்கும் பட்டறைப் பக்கம் வராதேன்னுட்டாரு முதலாளி." பிரேக்கில் பேர் கெட்ட மெக்கானிக்கை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்காது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. ஊதாத் துணித் துண்டால் ஊசித் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது பளபளத்தது.

"மேடம், அவரை மாத்திரை போடச் சொல்லுங்க."

அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். "போட்டாச்சுன்னு சொல்லுங்க மேடம்."

எஸ்.ஐ. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒம்பது நாளா இப்படித்தான்" என்றான் மெக்கானிக். "'அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னு அக்கா சொல்லிட்டா. அன்னையிலேருந்து நான்தான் தூது."

காலை 11.50.

வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகைக்குத் தகரக் கூரை. ஒரு பக்கம் திறப்பு. ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. மேசையில் ஒரு ஸ்பேனர் செம்பழுப்பாகக் கிடந்தது.

"இதை நேத்துதான் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். ஒரு ராத்திரியில இப்படி" என்று அலுத்துக்கொண்டான் மெக்கானிக்.

"டிஸ்க்கும் இதே மாதிரி இரும்புதானா?"

"பழைய வார்ப்பிரும்பு மேடம். இதைவிட மோசம்."

மீட்டு வந்த வண்டியின் முன்னால் எஸ்.ஐ. அம்மா குந்தினாள். ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு டிஸ்க்கைத் தொட்டாள். விரல் வழுக்கியது. மெல்லிய எண்ணெய், நிறமே இல்லை. டிஸ்க்கின் காற்றுத் துளைகளுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளேயும் பளிச்சென்று இருந்தது. ஒன்றில் மட்டும் ஊதா நூல் ஒட்டியிருந்தது.

"உங்க பட்டறை எண்ணெய் இப்படித்தான் இருக்குமா?"

"கறுப்பா, பிசுபிசுன்னு இருக்கும் மேடம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, சங்கடம்தான் வந்தது. இதை எப்படிச் சொல்வது?

பகல் 12.20.

எஸ்.ஐ. அம்மா தையல் மெஷின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டிஸ்க்குல எண்ணெய் இருக்கு, அதான் பிரேக் வழுக்கிடுச்சு. உங்க மச்சான் மேல தப்பில்ல, சார். கெடுக்க நினைக்கிறவன் எண்ணெயை ஊத்திட்டு ஓடியிருப்பான். இதை ஒவ்வொரு துளையா, துணி முனையைத் திருகி விட்டுத் தொடச்சிருக்காங்க. கொட்டகையில இருக்கிற இரும்பெல்லாம் மழைக்குச் செவந்து கிடக்கு. டிஸ்க் மட்டும் செவக்கல. ஏன்னா ஒருத்தங்க அந்தத் துருவைப் பாத்துப் பொறுக்காம எடுத்திருக்காங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காலையில எத்தனை மணிக்கு, அக்கா?"

துணித் துண்டு நின்றது.

"அஞ்சரைக்கு." மனைவி தலை நிமிரவில்லை. "ரெண்டும் செவந்து போயிருந்துச்சு. ஒன்றரை மாசம் பாடுபட்டாரு. பாத்தா முகம் வாடிப்போயிடுமேன்னு... மழைக்காலத்துல என் மெஷினுக்கு தினமும் செய்யறதுதான். துரு எடுத்துட்டு ஒரு சொட்டு எண்ணெய்..." அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நானா?"

வாத்தியார் தன் மாவுக்கட்டைப் பார்த்தார். அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. இன்று விடியற்காலையில் மழைச் சாரலில் நனைந்துகொண்டு இவள் தன் வண்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள் என்பது மட்டும்தான் நினைவில் நின்றது.

"அந்தத் துரு நாலு தடவ பிரேக் புடிச்சா தானாப் போயிடும்" என்றார், எஸ்.ஐ. அம்மாவிடம் அல்ல. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எங்கே கேக்கறது? நாமதான் பேசறதில்லையே."

எஸ்.ஐ. அம்மா புகாரை நீட்டினாள். "இன்னும் பதிவு பண்ணல, சார்."

"மச்சான், உன் முதலாளிக்குப் போன் போடு. நான் பேசறேன். உன்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்." காகிதத்தை இடது கையில் வாங்கினார். கிழிக்கத்தான் முடியவில்லை.

மனைவி எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகக் கிழித்தார்கள்.

"வலிக்குதா?"

பழக்கத்தில் அதை வாத்தியாரிடம் சொல்ல வாயைத் திறந்த மெக்கானிக், சட்டென்று மூடிக்கொண்டான்.

"வலிக்குது" என்றார் வாத்தியார், அவளைப் பார்த்து.