மிஷினில் எழுபத்திரண்டு

பேட்டரியைக் கழற்றி வைத்த மிஷின் எப்படிச் சத்தம் போடும்?

தென்னூர் ஷெட்டில் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்துபோட்டு, டெட்டாலும் வெயிலில் காய்ந்த ரெக்ஸினும் கலந்து அடித்த வாடையில் ஸ்ட்ரெச்சரைத் துடைத்து, புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் நர்ஸ் வஹீதாவின் கை அப்படியே நின்றது. பீப். துடிப்புப் பார்க்கும் மிஷினிலிருந்து, ஒரே ஒரு தடவை. டிரைவர் பிலோமின்ராஜ் டீ குடிக்கப் போயிருந்தார். மணி நாலுகூட ஆகவில்லை. பட்டப்பகலில் என்ன பயம் வேண்டிக்கிடக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் காரணம் அவளுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை தொட்டியத்தில் ஏற்றிய வாழை விவசாயி அம்மாசி, முசிறி தாண்டியதுமே போய்விட்டார். நெஞ்சை அமுக்கி அமுக்கி இவளுக்குக் கை மரத்ததுதான் மிச்சம். ஓனருக்குப் போன் போட்டாள்.

"பாடின்னா பாதி வாடகைதாம்மா. திருச்சி வரைக்கும் உயிரோட இருந்ததா எழுதிரு. ஆக்ஸிஜன், மிஷின் எல்லாம் பில்லுல வரணும். இஷ்டமில்லன்னா நாளைலேர்ந்து வராத."

வேலை போனால் வீடு என்னாவது? எழுதினாள். முன்சீட்டில் இருந்த மகள் தேவதர்ஷினி, அப்பாவோடு இருக்கணும் என்று குணசீலத்தில் பின்னால் ஏறிக்கொண்டாள். அவள் ஏறுவதற்குள் வஹீதா, மிஷினின் விரல் கிளிப்பை அம்மாசியிடமிருந்து கழற்றி, போர்வைக்குள் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டாள். மிஷினில் எழுபத்திரண்டு. அந்தப் பொண்ணு அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு மூணு வருஷம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். கொள்ளிடம் பாலம் ஏறியதும், "அப்பா, ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியுதுப்பா" என்றாள். திருச்சி வந்த பிறகுதான் அப்பா போனார் என்று நம்பி, பில்லுக்குக் காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள். பாவி, நான் பாவி.

கையிலிருந்த விரிப்பை விடுவதற்குள் வஹீதாவின் போன் அடித்தது. தேவதர்ஷினிதான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் மன்னிப்புக் கேட்டது அப்பா காதுல விழுந்திருக்கும்ல? அப்ப மிஷின்ல எழுபத்திரண்டு காட்டுச்சே."

உண்மை தொண்டை வரை வந்தது. இப்போது சொன்னால் வேலை போகும், போகட்டும். இந்தப் பொண்ணுக்கு மிச்சமிருப்பதும் போய்விடுமே. அழுகையை அடக்கிக்கொண்டு, "விழுந்துச்சும்மா. நல்லாவே விழுந்துச்சு" என்றாள்.

போனை வைத்தாள்.

பீப்.

பீப்.

திரும்பினாள். மிஷின் எரிந்துகொண்டிருந்தது. எழுபத்திரண்டு. அதிலிருந்து கிளம்பிய வயர் ஸ்ட்ரெச்சருக்குப் போனது. விரிப்புக்குள் போனது.

யா அல்லாஹ்.

கத்த வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்தாள். ஆறு வருஷமாக ஊராருக்கெல்லாம் துடிப்புப் பார்த்த விரல்கள். எதுவும் தட்டுப்படவில்லை. கழுத்தில் வைத்துப் பார்த்தாள். இல்லை. நெஞ்சில். இல்லை.

பீப். பீப்.

யாரும் படுத்திராத ஸ்ட்ரெச்சரில், சற்றுமுன் அவளே விரித்த வெள்ளை விரிப்பு, நெஞ்சு இருக்கும் இடத்தில் மெல்ல ஏறி இறங்கியது.