வர்றேன் என்று சொன்ன இடம்

ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த சுருளிவேல், இடது கையால் கைபேசியை மனைவியின் பக்கம் நகர்த்தினான்.

"வல்லி, இந்தக் கூத்தப் பாரு. நான் இங்கன உக்காந்து திங்கிறேன், இது என்னயத் தூக்கி மலையில வச்சிருக்கு."

சந்திரவல்லி குனிந்து பார்த்தாள். திரை முழுக்கப் பச்சை. போடியின் தெருக்களோ ரயில் பாதையோ அதில் இல்லை. பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், தகரக் கூரை போல. அதன் மேல் நீலப் புள்ளி. 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்.'

"அணைச்சுப் போடுங்க, சரியாயிரும். அப்பளம் வேணுமா?"

"ரெண்டு வை."

அவளிடம் கேட்டு வாங்கி, ருசித்துச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

ஏலக்காய் குடோனில் தரம் பிரிப்பது அவனுக்கு வேலை. வரைபடம் போடுவது கிறுக்கு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்த வரைபடத்தில் ராசிங்காபுரத்து ஓடையும் தேவாரத்துக் கண்மாய்க்கரையும் அவன் போட்ட கோடுகள்தான். புதிதாக எந்தக் கருவி வந்தாலும் முதல் ஆளாகச் சோதிப்பான். படத்தைக் கொடுத்தால் இடத்தைச் சொல்லும் என்று ஒன்று வந்தது. பக்கத்துத் தெருப் பாலத்தைப் படம் எடுத்துக் கொடுத்தான். அது இலங்கை என்றது. இரண்டு நாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "கடல் தாண்டித்தான வந்தீக?" என்று கேட்டுச் சிரித்தான்.

யாரோ ஒருவர் நூறு வருடத்துக்கு முந்தைய நில அளவைத் தாளை இணையத்தில் ஏற்றியிருந்தார். அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தபோதுதான், தேவாரத்துக்கு மேலே பழைய நடைபாதை மெட்டை, அந்த மலைக் கணவாயை, தாண்டுகிற இடத்தில், தாளில் இல்லாத அந்தக் கூரை தெரிந்தது. கேள்வி கேட்டால் பதில் எழுதும் புதுத் தேடலிடம் அது யார் வீடு என்று கேட்டான். எதற்கும் பக்கம் பக்கமாக எழுதும் அது, 'தெரியவில்லை' என்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அதனாலேயே அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, இந்த ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பியிருந்தான்.

வந்து சொன்னது இவ்வளவுதான். ஆளை மறைக்கும் ஏலச் செடிகளுக்கு நடுவே, காய் உலர்த்துகிற பழைய கொட்டகை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் இருமினாள். தண்ணீர் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நிலைப்படியில் செம்பு இருந்தது; வைத்த கையை அவன் பார்க்கவில்லை. தண்ணீரில் புகை வாசனை. குடித்துவிட்டு, எந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டு கிளம்புவது போல, "வர்றேன் ஆத்தா" என்றான். உள்ளேயிருந்து "ம்" என்று சத்தம் வந்தது.

மறுநாள் காலை, மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்புக்காகக் காத்து நின்ற அடுத்த வீட்டுப் பொன்னுமணி வாசலிலிருந்தே கேலியை ஆரம்பித்தாள்.

"என்ன மதினி, அண்ணே கால் நோகாம போன்லயே மலையேறுறாராமே? என்னயும் அப்புடியே ஏத்தி விடச் சொல்லுங்க, இந்த ஜீப்புல இடுப்பு ஒடியுது."

"நேத்து கால் நோகத்தான் போய்ட்டு வந்தாரு" என்று சந்திரவல்லி சிரித்தபடி கொட்டகைக் கதையைச் சொன்னாள். செம்பு வரைக்கும் பொன்னுமணியும் சிரித்தாள்.

"கெளம்பும்போது என்னன்னு சொன்னாராம்?"

"வர்றேன்னுதான். வேற என்ன சொல்லுவாக?"

பொன்னுமணியின் கையில் ஆடிக்கொண்டிருந்த தூக்குவாளி நின்றது.

"மேல யாரும் அப்புடிச் சொல்றதில்ல மதினி. எறங்குறேன்னுதான் சொல்லுவோம். மொத நாள் சோலிக்குப் போறப்பவே சொல்லிக் குடுத்துருவாக."

"ஏன்?"

"கீழ நம்ம வர்றேன்னா, போறோம்னு அர்த்தம்." ஜீப்பு ஆரன் அடித்தது. அவள் ஏறிக்கொண்டே சொன்னாள். "அங்கன இருக்கதுக்கு அது தெரியாது. வர்றேன்னா வர்றேந்தான்."

கைபேசியை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை. சிம்மை மாற்றினான். குடோனில் இன்னொருவர் கைபேசியை வாங்கித் தன் கணக்கில் நுழைந்து பார்த்தான். புள்ளி கூரையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் 'வீடு' என்ற பொத்தானை அழுத்தியபோது மலைக்கு வழி காட்டியது. அவன் போடி வீட்டை மறுபடி குறித்துவைத்தான். காலையில் மறுபடி மலை. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிச் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம் மட்டுமே இருந்தது. மெட்டைத் தாண்டி வழிந்த சாரல் ஊர் வரை வராமலே காற்றை ஈரமாக்கியது. அவன் சட்டைகளில் எப்போதும் இருக்கும் காய்ந்த ஏலக்காய் வாசனை மாறி, பச்சைக் காயை ஈர விறகில் வாட்டும் புகை வாசனை அலமாரியிலும் தலையணையிலும் அவள் பிசைந்த மாவிலும் ஏறி உட்கார்ந்தது. அவன் பேச்சு குறைந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, யாரும் எதுவும் கேட்காதபோது, "ம்" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ம்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவன் கட்டிலில் படுத்திருந்தான். சந்திரவல்லி அவன் காலடியில் உட்கார்ந்து தன் கைபேசியில், அவன் பகிர்ந்து வைத்திருந்த அவனிருக்கும் இடத்தைப் பார்த்தாள். ஐந்து நாளாக அசையாத புள்ளி நகர்ந்தது. கூரையிலிருந்து முற்றத்துக்கு. முற்றத்திலிருந்து கூரைக்கு. அங்கேயே வேலை பார்த்துப் பழகியவர் நடை. அவள் கையை நீட்டி அவன் பாதத்தைத் தொட்டாள். ஈரம். விரலிடுக்கில் கறுப்பு மண்.

"நாளைக்கு நான் போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாள். "அவரு வரமாட்டாருன்னு அது கிட்டச் சொல்லிட்டா விட்டுரும்ல?"

அவன் பாதத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். "வெளிய பூட்டிட்டுப் போ வல்லி. சாவிய என்கிட்டக் குடுத்துறாத."

சனிக்கிழமை காலை வெளியே பூட்டினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மெட்டு வரை ஜீப்பு, பிறகு நடை. துணைக்கு வந்த பொன்னுமணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்: "எது கேட்டாலும் வாயில அந்த வார்த்த வரக்கூடாது மதினி." பாதை முடிந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். அதற்கு மேல் சந்திரவல்லி தனியாக.

காலை பதினோரு மணி. ஆனாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. மூடுபனி செடிகளுக்கு இடையில் நின்றுகொண்டிருந்தது. நீண்ட இலைகள் ஒன்றோடொன்று உரசின, காற்று இல்லாமலே. மண் காலடியில் மெத்தென்று அமுங்கியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. எங்கோ ஈர விறகு புகைந்தது. கைபேசியைப் பார்த்து நடந்தாள். அவள் புள்ளி அவன் புள்ளியை நெருங்கியது. தொட்டது. இரண்டும் ஒன்றாயின.

கொட்டகை இல்லை. நான்கு மூலைக் கற்கள். நடுவே செடிகள்.

"அவரு வரமாட்டாரு!" என்று கத்தினாள். குரல் பனிக்குள் போய்த் திரும்பவில்லை.

அவனை அழைத்தாள். ஒரு கோடு சிக்னல். மணி அடித்தது. எடுத்தான்.

"என்னங்க. வீட்டுலதான இருக்கீக?"

ஒரு மூச்சு. பிறகு அவன் குரல்.

"வந்துட்டேனே வல்லி."

அது காதில் கேட்டது. ஆனால் காதில் கேட்பதற்கு ஒரு நொடி முன்னால் செடிக்குப் பின்னாலிருந்து கேட்டது. இரண்டு எட்டு தூரத்தில். இலை விலகியது. யாரோ இருமினார்கள். அவன் இல்லை.

கத்தல் கேட்டு ஓடி வந்த பொன்னுமணி பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எறங்குறோம்! எறங்குறோம் ஆத்தா, எறங்குறோம்!" என்று அழுதபடி கத்திக்கொண்டே மெட்டு வரை இழுத்து வந்தாள்.

வீட்டில் பூட்டு அப்படியே இருந்தது. சன்னல் கம்பிகள் அப்படியே. கட்டிலில் போர்வை, அதன் மேல் கைபேசி. பதினொன்றே காலுக்கு வந்த அழைப்பு, நாற்பது விநாடி பேசியதாக அதில் பதிவாகியிருந்தது. அவன் இல்லை.

போலீசும் வனத்துறையும் மூன்று நாள் தேடினார்கள். மூலைக் கற்களைக்கூட அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கைபேசி வரைபடத்துக்கு அவள் 'இந்த இடம் இல்லை' என்று திருத்தம் அனுப்பினாள். மூன்று முறை. அது ஏற்கவில்லை.

தை மாதம் புதிய செயற்கைக்கோள் படம் வந்தது. மேகம் ஒரு துளி இல்லாத பகல். கூரை புதுத் தகரமாக மின்னியது. முற்றத்தில் காய் பரப்பியிருந்தது. பரப்பியதன் ஓரத்தில் ஓர் ஆள். அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்த படத்தில் மனிதர்கள் எல்லோரும் ஒரு புள்ளியும் ஒரு நிழலும்தான். அவள் விரலால் விரித்தாள். இன்னும் விரித்தாள். புள்ளியில் முகம் இருந்தது. அண்ணாந்து நேராக அவளைப் பார்த்தது. அதன் காலடியிலிருந்து இரண்டு நிழல்கள் போயின. ஒன்று அவன் உயரம். மற்றது கதவு வரை நீண்டு, உள்ளே போயிருந்தது.

உடல் கிடைக்காததால் இறப்புச் சான்று தரவில்லை. ரேஷன் கார்டில் இப்போதும் அவனும் அவளுமாக இரண்டு பேர்.