மாடிக் கொடியில் நீலச் சட்டை

“யாருடி இதை மாடியில போட்டது?”

சின்னப்பொண்ணு நீல யூனிஃபார்ம் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். மருமகள் ஷைனி அடுப்பைக் குறைத்தாள்.

“ஊட்டுக்குள்ள காயமாட்டேங்குது அத்தே. ஈர வாடை அடிக்குது. ரெண்டு மணிக்கு கம்பெனி பஸ்சு…”

“தெருவே பாக்கட்டும்னு போட்டியா? ஜெர்மனியில சயின்டிஸ்டுடி என் புள்ள! கும்மிடிப்பூண்டிக்கு ஷிஃப்ட்டு போறான்னு பொன்னேரி பூரா சிரிக்கணும்… அதானே?”

மகன் ஸ்டீவன் திரும்பி வந்து நான்கு மாதமாகிறது. சட்டை வீட்டுக்குள்தான் காயும். பையில் எடுத்துப்போய் கம்பெனியில் மாற்றிக்கொள்வான். கேட்பவர்களிடம் சின்னப்பொண்ணு ‘லீவுல வந்துக்கிறான்’ என்பாள்.

“போன்ல அழுது அழுது வரவெச்சியே… இப்ப குளுந்துச்சா?”

ஷைனி தோசையைத் திருப்பினாள். பக்கத்து வீட்டில் செல்வி பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“அங்க ராஜா மாதிரி இருந்தான்! இவ…”

“வுடும்மா. அவ அழல.” ஸ்டீவன் குளித்துவிட்டு வந்து நின்றிருந்தான்.

“பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்காத!”

“என்னை அனுப்பிட்டாங்கம்மா.”

தரையைப் பார்த்துச் சொன்னான்.

“லேப்ப மூடிட்டாங்க. வேற வேல தேடினேன்… கெடைக்கல. விசா முடிஞ்சிபோச்சி. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி. ‘நான்தான் கூப்ட்டேன்னு சொல்லிடு’ன்னு நான்தான் இவள கேட்டுக்கினேன்.”

சின்னப்பொண்ணு மருமகளைப் பார்த்தாள்.

“நீ ஏன்டி வாயத் தொறக்கல? இன்னா பேச்செல்லாம் பேசினேன் உன்ன…”

“அவரத் திட்டினா தாங்கமாட்டாரு அத்தே. நான் பழகிட்டேன்.”

ஸ்டீவன் ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

சின்னப்பொண்ணு சட்டையை உதறினாள். மறுபடி படியேறினாள். ஷைனி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

செல்வி அதற்குள் தன் மாடிக்கு வந்திருந்தாள்.

“யாரு சட்டைக்கா அது?”

“என் புள்ளது. கும்மிடிப்பூண்டியில வேல.”

“லீவுன்னு சொன்னியே…”

“பொய் சொன்னேன்.”

கொடியில் சட்டையை விரித்துப் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் கிளிப்புக்காகக் கையை நீட்டினாள். ஷைனி கொடுத்தாள்.

கிளிப்போடு அந்தக் கையையும் பிடித்துக்கொண்டாள் சின்னப்பொண்ணு. செல்வி பார்த்துக்கொண்டிருந்தும் அவள் விடவில்லை.